ரெட்ரோ மீட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் டீம்களின் குறுகிய வேலைச் சுற்றான ஸ்பிரிண்ட் முடிந்ததும் டீம் மொத்தமும் உட்கார்ந்து, எது நன்றாகப் போனது, எது சொதப்பியது, எதை மாற்றலாம் என்று பேசுவதுதான் ரெட்ராஸ்பெக்டிவ். ஆபீஸ் பேச்சில் ரெட்ரோ. மென்பொருள் வேலையை எப்படிச் செய்யலாம் என்று 2001-இல் வந்த அஜைல் அறிக்கையோடு சேர்ந்த 12 கோட்பாடுகளில் கடைசிக் கோட்பாடு இதைப் பற்றியதுதான்: டீம் அவ்வப்போது நின்று யோசித்து, அதற்கேற்பத் தன் நடைமுறையைத் திருத்திக்கொள்ள வேண்டும். யோசிப்பதில் பெரும்பாலான டீம்கள் குறை வைப்பதில்லை. திருத்துவதில்தான் கோட்டை விடுகின்றன.

நான் முன்பு இருந்த ஒரு டீமில், 'டெஸ்ட் சர்வர் ரொம்ப ஸ்லோ' என்று ஆன்லைன் போர்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கி (குறிப்புச் சீட்டு) ஒவ்வொரு ரெட்ரோவிலும் வரும். எல்லோரும் அதற்கு வோட்டுப் போடுவோம். 'ஆமா, இதைப் பார்க்கணும்' என்று யாராவது சொல்வார்கள், அடுத்த ஸ்டிக்கிக்குப் போய்விடுவோம். ஒருநாள் பழைய போர்டுகளைத் திறந்து பார்த்தேன். ஆறு ரெட்ரோவாக அதே வாசகம், அதே எழுத்துப்பிழையோடு. எழுதியவர் புதிதாக டைப் செய்வதைக்கூட நிறுத்திவிட்டு, பழைய போர்டிலிருந்து காப்பி பண்ணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

'பார்க்கணும்' என்று சொன்னோமே தவிர, யார் பார்ப்பது என்று எங்கேயும் எழுதவில்லை. அடுத்த முறை வேலைகளைப் பதிந்துவைக்கும் ஜிராவில் அதை ஒரு டிக்கெட்டாகப் போட்டு, ஒருவர் பெயரையும் தேதியையும் சேர்த்தோம். பழைய லாக் ஃபைல்கள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தன. அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

அஜைல் வேலைமுறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு, அதாவது ஸ்க்ரம் கைடின் 2017 பதிப்பு, ரெட்ரோவில் வந்த முக்கியமான மாற்றங்களில் ஒன்றாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்கில் (வேலைப் பட்டியலில்) இடம்பெறும் என்றே சொன்னது. 2020 பதிப்பில் 'சேர்க்கலாம்' என்று தளர்த்திவிட்டார்கள். எனக்கென்னவோ பழைய விதிதான் பிடிக்கிறது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒன்பது ஆக்‌ஷன் ஐட்டம் எழுதிய டீம் ஒன்றைக்கூட முடிக்காது. அப்புறம், ரெட்ரோவின் முதல் ஐந்து நிமிடம் போன முறை எடுத்த வேலை என்ன ஆயிற்று என்பதற்கே போக வேண்டும். முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, கேட்டாக வேண்டும்.

அடுத்த தவறு, யார் முதலில் பேசுவது என்பது. லீட் வாயைத் திறந்து 'இந்த ஸ்பிரிண்ட் ஓரளவு ஓகேதான்' என்று சொல்லிவிட்டால், சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் 'எனக்கு ரிக்வயர்மென்ட்டே புரியவில்லை' என்று எப்படிச் சொல்வாள்? அப்ரைசல் போடும் மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம், 'ஆல் குட் சார்'தான். கருத்துச் சொல்லத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் எழுதட்டும். பிறகு ஜூனியரிடமிருந்து தொடங்கி, லீட் கடைசியில் பேசட்டும். மேனேஜர் வராமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வந்தே ஆக வேண்டுமென்றால், அவர் சொதப்பியதை அவரே முதலில் சொல்லட்டும். அவருக்கு மட்டும் இந்த விதிவிலக்கு.

பழி போடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு, ஆனாலும் கேள்வி வழியாக நுழைந்துவிடும். வெள்ளிக்கிழமை டிப்ளாய்மென்ட்டில் (புதிய வெர்ஷனை லைவ் ஆக்கும்போது) டேட்டாபேஸை மாற்றும் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் ஓடாமல் போய்விட்டது என்று வையுங்கள். 'ஏன் நீ ஓட்டலை?' என்றால் மன்னிப்பு வரும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். 'அது ஓடவில்லை என்பது நமக்கு எப்போது தெரிந்தது?' என்று கேட்டால், கஸ்டமர் போன் செய்த பிறகுதான் என்று தெரியவரும். அங்கிருந்து அலர்ட், செக்லிஸ்ட் என்று பேச்சு உருப்படியாகப் போகும்.

மற்றவை சின்ன விஷயங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்தால் எல்லோர் கண்ணும் ஆபீஸ் கேப் மேல்தான் இருக்கும். ரிலீஸ் நெருக்கடி என்று ரெட்ரோவைத் தள்ளிவைப்பது இன்னும் மோசம், நெருக்கடியான ஸ்பிரிண்டில்தான் பேச விஷயமே இருக்கிறது. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு அதிகபட்சம் 3 மணி நேரம் என்கிறது ஸ்க்ரம் கைடு. இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு ஒரு மணி நேரம் தாராளம். படகு, நங்கூரம் என்று படம் போட்டு அதில் ஸ்டிக்கி ஒட்டும்படி டெம்ப்ளேட்டை மாற்றிக்கொண்டே இருப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதுவது எதுவும் நடப்பதில்லை என்று தெரிந்துவிட்ட டீம், படகிலும் அதையேதான் எழுதும்.

டெஸ்ட் சர்வர் சரியான பிறகு வந்த ரெட்ரோவில் மஞ்சள் ஸ்டிக்கி இல்லை. அதே ஆள் இந்த முறை புதிதாக ஒன்று டைப் செய்திருந்தார்: 'ஸ்டாண்டப் தினமும் 40 நிமிஷம் போகுது'. தினசரிக் குட்டி மீட்டிங்கான ஸ்டாண்டப்பை இழுத்தடிக்கும் லீடைப் பற்றித்தான். லீடே அதற்கு முதல் வோட்டைப் போட்டார்.