கோத்தகிரியிலிருந்து பைக் இன்சூரன்ஸ்: கம்மி செலவில் போடுவதும், கிளைமை விடாமல் வாங்குவதும்

போன நவம்பரில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பைக்கோடு விழுந்தேன். ஈர ரோடு, எதிரே லாரி, பிரேக்கை அழுத்திவிட்டேன், அவ்வளவுதான். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. வண்டிக்குத்தான் அடி. முன் ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட் நொறுங்கி, ஃபுட்ரெஸ்ட் உள்பக்கமாக மடிந்துவிட்டது. மெக்கானிக் எஸ்டிமேட் 11,400 ரூபாய். கம்பெனி முதலில் தருகிறேன் என்றது 2,600. கடைசியில் கைக்கு வந்தது 8,000. நடுவில் ஏழு வாரம் ஓடியது. அந்த ஏழு வாரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்சி, லைசென்ஸ் கையில் இருக்கிறது, போனில் பணம் கட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதில் விலை குறையும், எதில் குறையாது

பாலிசியில் இரண்டு பாகம். ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. இது சட்டப்படி கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000. இரண்டாவது ஓ.டி, அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கு. இது நம் விருப்பம்.

தேர்ட் பார்ட்டிக்கான கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் வந்த பட்டியலின்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய், 350 சிசி வரை 1,366, அதற்கும் மேல் 2,804. இதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 125 சிசி வண்டி என்றால் 842 ரூபாய் 52 காசு. எந்தக் கம்பெனியில் போட்டாலும் இதே தொகைதான். "உங்களுக்காக தேர்ட் பார்ட்டியிலயே குறைச்சுத் தர்றேன்" என்று ஏஜென்ட் சொன்னால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

புது வண்டிக்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஓ.டி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். என் வண்டி 2022 மாடல். இரண்டாம் வருடம் ஓ.டி முடிந்ததே எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லித்தான் பார்த்தேன். உங்கள் பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

படி 2: ஓ.டி கணக்கு

வண்டியின் மதிப்பு என்று ஐ.டி.வி ஒன்றைப் போடுவார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட விகிதம்தான் ஓ.டி பிரீமியம். 150 சிசி வரை, ஐந்து வருடத்துக்குள் உள்ள வண்டிக்குப் பழைய அரசுப் பட்டியலில் 1.676 சதவீதம். இது சென்னை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்களைத் தவிர்த்த மற்ற ஊர்களுக்கான விகிதம். நம் நீலகிரிப் பதிவான டி.என்-43 அந்தப் பெருநகரப் பட்டியலில் வராது, நமக்கு லாபம். கம்பெனிகள் இந்த அடிப்படையின் மேல் தள்ளுபடி தருகின்றன.

என் வண்டிக்கு ஐ.டி.வி 60,000. கணக்குப்படி 1,006 ரூபாய். கிளைம் இல்லாத வருடங்களுக்காக 35 சதவீதம் கழித்து 654. இவ்வளவுதான் சமாச்சாரம். 'மலிவான கம்பெனி' தேடி நாம் மிச்சம் பிடிப்பது இந்த 654-க்குள்தான். அதற்காக நான் மூன்று நாள் ராத்திரி போனை நோண்டியிருக்கிறேன்.

ஐ.டி.வியை 40,000 ஆகக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைவாகக் காட்டுகிற தளங்களும் உண்டு. ஆண்டுக்கு இருநூறோ முந்நூறோ மிச்சமாகும். வண்டி திருடு போனாலோ மண்சரிவில் போனாலோ 20,000 நஷ்டம். மண்சரிவும் பாறை சரிவும் ஓ.டியில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டவை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு அது சும்மா பேச்சில்லை.

படி 3: எங்கே பார்ப்பது

ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் விலையைப் பாருங்கள், வாங்குவது கம்பெனியின் சொந்தத் தளத்தில். இது என் பிடிவாதம். நடுவில் ஆள் இருந்தால் கிளைம் சமயத்தில் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார்.

விலைக்கு அடுத்து, கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும்) ஒர்க்‌ஷாப் பட்டியலைத் திறந்து கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். என் கம்பெனிப் பட்டியலில் மிக அருகில் இருந்தது மேட்டுப்பாளையம். 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் உடைந்த வண்டியை இறக்க வேண்டும். டூவீலர் பாலிசியின் வழக்கமான ஷரத்தில் இழுத்துச் செல்லும் செலவுக்கு உச்சவரம்பு 300 ரூபாய் என்று இருக்கிறது. மினி டெம்போக்காரரிடம் 300 ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அதனால் வழியில் நின்றால் வந்து உதவும் ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) எடுப்பது எனக்குச் சரி. மலைக்கு மேலே வருவார்களா என்பதை மட்டும் கஸ்டமர் கேரில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். மற்ற ஆட்-ஆன்களில் மூன்று வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்கு ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத காப்பு) பயன்படும். மிச்சத்தை விட்டுவிடலாம்.

வண்டியோட்டிக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் கூடவே ஏறும். இன்னொரு வண்டியிலோ தனிப் பாலிசியிலோ ஏற்கெனவே அதே அளவு இருந்தால் மறுபடியும் கட்ட வேண்டாம், டிக்கை எடுத்துவிடலாம்.

படி 4: நோ கிளைம் போனஸ்

ஒரு வருடம் கிளைம் இல்லாவிட்டால் 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, 50. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் எல்லாம் போய்விடும். கம்பெனி மாறினாலும் போனஸ் கூடவே வரும். ஆனால் ஃபார்மில் "போன வருடம் கிளைம் எடுத்தீர்களா" என்ற இடத்தில் தானாகவே 'இல்லை' என்று விழுந்திருக்கும். எடுத்திருந்தால் மாற்றுங்கள். பொய்யாக வாங்கிய போனஸ் பிறகு கிளைமில் இடிக்கும்.

"சின்ன அடிக்குக் கிளைம் எடுக்காதே, போனஸ் போயிடும்" என்பது கார்க்காரர் அறிவுரை. பைக்குக்குக் கணக்கே வேறு. நான் 45-க்குப் போக வேண்டியவன், கிளைமுக்குப் பின் பூஜ்யம். மறுபடி 50-ஐத் தொடும் வரை நான் இழப்பது மொத்தமாக ஓ.டியின் 120 சதவீதம். என் வண்டிக்கு ஜிஎஸ்டியோடு சுமார் 1,400 ரூபாய். அதற்கு மேல் செலவு வைக்கும் எந்த அடிக்கும் கிளைம் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

படி 5: விழுந்த நிமிடத்திலிருந்து

என்னைத் தடுக்கி விழவைத்தது இந்தப் படிதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விழுந்த இடத்திலேயே ஆறு போட்டோ எடுத்தேன். ரோடு, வண்டி கிடந்த நிலை, நம்பர் பிளேட், பிறகு ஒவ்வொரு சேதமும் கிட்டத்தில். அங்கே எனக்கு சிக்னல் இல்லை, வீட்டுக்கு வந்துதான் தகவல் கொடுத்தேன். கம்பெனி ஒரு வாட்ஸ்அப் நம்பர் கொடுத்தது, எல்லாவற்றையும் அதில் அனுப்பினேன். தப்பு அங்கேதான்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் ஒன்பதாம் நாள் வந்தார். ஒர்க்‌ஷாப் வெளியே நின்ற என் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். விரல் நுனியில் மஞ்சள் தூள். "இது பழைய அடிங்க. துரு ஏறியிருக்கு பாருங்க" என்றார். ஃபோர்க்கிலும் அதே கதை. இரும்புச் சாமான்கள் மொத்தத்தையும் அடித்துவிட்டு, கூலியில் பாதியையும் வெட்டி 2,600.

நம் ஊர் நவம்பர் அவருக்குத் தெரியவில்லை. துவைத்துப் போட்ட துணி மூன்று நாள் காயாத ஊர். பெயின்ட் உரிந்த இரும்பு அந்தப் பனிமூட்டத்தில் ஒரு வாரம் நின்றால் துரு ஏறாமல் என்ன செய்யும்? விழுந்த அன்றைய போட்டோவில் அதே மடிப்பு பளபளவென்று வெள்ளையாக இருந்தது. காட்டினேன். "இதுல தேதி இல்லையே சார்" என்றார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். அன்று வரை அது எனக்குத் தெரியாது.

அதனால், போட்டோக்களை மெயிலில் மூலக் கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். கேமராவில் லொகேஷனை முன்பே ஆன் செய்து வையுங்கள். உடைந்த உலோகத்தின் உள்பக்கத்தைக் கட்டாயம் கிட்டத்தில் எடுங்கள். சர்வேயர் வரத் தாமதமானால் மூன்று நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுங்கள், துரு எப்போது ஏறியது என்பதற்கு அதுவே சாட்சி. அவர் பார்ப்பதற்குமுன் எதையும் கழற்றவிடாதீர்கள். வண்டியை மூடி வைக்கச் சொல்லுங்கள்.

எனக்கு 8,000 வந்த கணக்கு இது. பிளாஸ்டிக் 3,600-ல் தேய்மானம் பாதி போக 1,800. இரும்பு 6,000-ல் வண்டி வயதுக்கு 25 சதவீதம் தேய்மானம் போக 4,500. கூலி 1,800 முழுசாக. இதில் கட்டாயக் கழிவு 100. எஸ்டிமேட்டை இப்படி மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், மொத்தத் தொகையாக வேண்டாம். உங்களுக்கு வர வேண்டியதை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 6: இழுத்தடித்தால்

போனில் சண்டை போடாதீர்கள். நான் நாற்பது நிமிடம் பாட்டு கேட்டதுதான் மிச்சம். பேசியே ஆக வேண்டுமென்றால், முடிந்ததும் "இன்று இந்த நேரத்தில் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மெயில். முகவரி பாலிசியிலேயே இருக்கும். சர்வேயர் அறிக்கையின் நகலையும் அதில் கேளுங்கள். "இன்னும் ஒரு டாக்குமெண்ட் பெண்டிங்" என்று மாற்றி மாற்றிக் கேட்டால், ஆவணம் இல்லை என்பதற்காகக் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கையைக் குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரி போட்டதும் எனக்கு வந்த பதிலின் தொனியே மாறிவிட்டது.

அடுத்து அந்த ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகார், அல்லது 155255-க்கு அழைப்பு. மூலக் கோப்பு போட்டோக்களோடு புகார் பதிந்த இரண்டாம் வாரம் என் கிளைமை மறுபடி திறந்தார்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஆன்லைனிலேயே பதியலாம். ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. ஆனால் அங்கே வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பின்சேர்க்கை: கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய வண்டி வாங்கி ஆர்சியில் பெயர் மாற்றிவிட்டார், இன்சூரன்ஸ் மட்டும் பழைய ஓனர் பெயரில். ஓ.டி கிளைமை நிராகரித்துவிட்டார்கள். தம்பி, தேர்ட் பார்ட்டிதான் சட்டப்படி தானாக உங்களுக்கு மாறும், ஓ.டி மாறாது. விற்பனை நடந்த 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்ற வேண்டும். பழைய ஓனரின் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று: பனிக்காக நாம் எல்லோரும் மாட்டுகிற ஃபாக் லைட். அது கம்பெனி ஃபிட்டிங் இல்லை, பாலிசியில் தனியாக மதிப்பு சொல்லிச் சேர்க்காவிட்டால் பைசா வராது. என் இரண்டு லைட்டும் அன்று உடைந்தன, எஸ்டிமேட்டிலேயே மெக்கானிக் சேர்க்கவில்லை. "அதெல்லாம் கேட்டா மொத்தத்தையும் இழுப்பாங்கண்ணா" என்றார். இந்த மே மாதம் புதுப்பிக்கும்போது எலெக்ட்ரிக்கல் அக்சசரி என்ற கட்டத்தில் 2,200 என்று எழுதினேன். பிரீமியத்தில் 88 ரூபாய் கூடியது.