கடுமையான திருப்பத்தில் பம்புக்குப் பெட்ரோல் அறாமல் காக்கும் முறை

மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில்தான் நான் தொழில் பழகினேன். தென்கடலில் கச்சான் காற்று பலக்கும் நாட்களில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வரும். டாங்கில் டீசல் குறைவாக இருந்தால் உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுத்துவிடும். நடுக்கடலில் எஞ்சின் நின்று, ஏர் எடுத்த பிறகே, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே, மறுபடி கிளம்பும். பந்தயத் தடத்தில் ஓடும் காரில் நிகழ்வதும் இதுவேதான். வேறுபாடு என்னவென்றால், படகில் டாங்க் சாய்கிறது. காரில் டாங்க் சாயாமலேயே உள்ளிருக்கும் பெட்ரோல் சாய்கிறது.

கார் ஒரு வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையுடன், அதாவது 1 ஜி அளவில், திரும்பும்போது பெட்ரோலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடுகிறது. நல்ல சாலை டயர்களே இந்த அளவை நெருங்கும். பந்தயத்துக்கான ஒட்டும் டயர்கள் இதைத் தாண்டும். இதன் பொருளை ஒரு கணக்கால் பார்க்கலாம். 80 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம் கொண்ட 40 லிட்டர் டாங்க் ஒன்றில் பம்பின் வாய் சரியாக நடுவில், அடித்தட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 20 லிட்டர் இருந்தால் 1 ஜி திருப்பத்திலும் நடுவில் 10 செ.மீ. ஆழம் மிஞ்சும். 15 லிட்டர் இருந்தால் பெட்ரோலின் ஓரம் நடுப்புள்ளியைத் தொட்டு நிற்கும். 10 லிட்டர்தான் இருக்கிறது என்றால் வெளிப்பக்கச் சுவரிலிருந்து 30 செ.மீ. வரை மட்டுமே பெட்ரோல் இருக்கும். நடுவில் தரை காய்ந்து கிடக்கும். கால் டாங்க் இருப்பதாக முள் காட்டிக்கொண்டிருக்கும்போதே பம்ப் காற்றைக் குடிக்கிறது.

காற்று கலந்தவுடன் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயில், அழுத்தம் விழுகிறது, இன்ஜெக்டர்கள் குறைவாகத் தெளிக்கின்றன, கலவை வறண்டுபோகிறது. எஞ்சின் மிஸ் அடிப்பதை ஓட்டுபவர் ஒரு தொந்தரவாக மட்டுமே எடுத்துக்கொள்வார். உண்மையில் முழு ஆக்ஸிலரேட்டரில் வறண்ட கலவையுடன் எரியும் சிலிண்டருக்குள் வெப்பம் கூடி, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) வந்து, பிஸ்டனின் தலை உருகவும் வாய்ப்புண்டு. டர்போ எஞ்சினில் இந்த ஆபத்து பன்மடங்கு. ஆகையால் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வேயிலோ ஒரே ஒரு திருப்பத்தில் இப்படி ஒரு துடிப்பு தெரிந்தாலும் அந்தச் சுற்றிலேயே வண்டியை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதையும் வாங்குவதற்கு முன் நோயைச் சரியாகக் கண்டறிய வேண்டும். பெட்ரோல் அறுவதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: அது பெரும்பாலும் ஒரே பக்கத் திருப்பத்தில், அதுவும் நீண்ட வளைவின் பின்பாதியிலோ வெளியேறும் இடத்திலோ வரும், டாங்கின் அளவு ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே வரும், நேர்ப்பாதைக்கு வந்த சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். நேர்ப்பாதையிலேயே உச்ச வேகத்தில் இழுவை குறைந்தால் அது அடைத்த ஃபில்டர் அல்லது களைத்த பம்ப். நம் கரையோரத்தில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். பாம்பனிலும் மண்டபத்திலும் உப்புக் காற்று செம்பைத் தின்றுவிடும். பம்பின் இணைப்பிகளில் பச்சைப் பூத்து, மின்னழுத்தம் குறைந்து, நல்ல பம்பே பலவீனமானது போல நடிக்கும். எஞ்சின் ஓடும்போது பம்பின் முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் உள்ள அளவுக்கு அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆயில் விளக்கு மின்னினால் அது வேறு நோய். ஆயில் பம்புக்கு ஆயில் கிடைக்கவில்லை என்று பொருள், அங்கேயே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

உறுதிப்படுத்த எளிய வழி, ரெயிலில் பெட்ரோலின் அழுத்தத்தை மின்குறிப்பாகத் தரும் ஒரு சென்சார் பொருத்தி, பக்கவாட்டு விசையுடன் சேர்த்துப் பதிவு செய்வது. பல கார்களில் ரெயில் அழுத்தம் ஏறக்குறைய 3 பார் இருக்கும். வளைவில் அந்தக் கோடு பள்ளம் விழுந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பெட்ரோல் ஓடும் அழுத்த மீட்டரை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. சென்சார் இல்லாதவர்கள் டாங்கை நிரப்பி ஓடிப் பார்க்கலாம். குறை மறைந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

முதல் மருந்துக்குச் செலவே இல்லை: குறைந்த அளவில் ஓடாமல் இருப்பது. எடை குறைக்கிறேன் என்று 10 லிட்டருடன் தடத்தில் இறங்குபவர்களைப் பார்க்கிறேன். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. கூடுதலாக 10 லிட்டர் என்பது ஏழரை கிலோதான். அதற்காக ஓர் எஞ்சினைப் பணயம் வைப்பது சரியான கணக்கு ஆகாது.

எந்த அளவு வரை பாதுகாப்பு என்பதை ஊகிக்காமல் அளந்துவிடலாம். உங்கள் காரின் அதே மாதிரி பழைய டாங்க் ஒன்றை வாங்கி, பெட்ரோல் ஆவி துளியும் இல்லாமல் பலமுறை கழுவிக்கொள்ளுங்கள். பம்ப் இருக்கும் இடத்தில், அதன் வாய் இருக்கும் அதே உயரத்தில், ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றைக் கட்டி, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, டாங்கை 45 டிகிரி சாய்த்து முட்டுக் கொடுத்துக் கைப்பம்பால் உறிஞ்சிப் பாருங்கள். ஹோஸில் குமிழ் வராமல் தண்ணீர் மட்டும் வரும் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் கோடு. வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் என்று மூன்று திசையிலும் சோதிக்க வேண்டும். பின்னும் பக்கமும் சேர்ந்த மூலைச் சாய்வு, அதாவது திருப்பத்திலிருந்து முடுக்கிக்கொண்டு வெளியேறும் நிலை, பெரும்பாலும் மற்றவற்றைவிட மோசமாக இருக்கும். பிரேக் அடிக்கும்போது பெட்ரோல் முன்னால் ஓடுவது அவ்வளவு கெடுதல் இல்லை, ஏனென்றால் அப்போது எஞ்சின் அதிகம் கேட்பதில்லை. பம்பின் வாயை இடம் மாற்ற முடிகிறவர்கள் பின்பக்கம் தள்ளி வைக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

ஓட்டும் தண்டு நடுவே செல்வதற்காக டாங்கை இரு மடியாகப் பிரித்த பின்சக்கர ஓட்டக் கார்களில் ஒரு மடியிலிருந்து மறு மடிக்கு ஜெட் பம்ப் (பெட்ரோல் ஓட்டத்தின் வேகத்தாலேயே உறிஞ்சும் சிறு பம்ப்) பெட்ரோலை மாற்றிக்கொண்டிருக்கும்; அது அடைத்திருந்தால் பாதி டாங்கே பயன்படாது. முதலில் அதைச் சோதியுங்கள்.

இப்போது டாங்குக்குள் செய்யும் வேலைகள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும் படகுகளின் டாங்குகளைத் திறந்து கழுவுவோம். துளையிட்ட தடுப்புத் தகடுகள் எண்ணெயின் ஓட்டத்தை எப்படித் தாமதப்படுத்துகின்றன என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஆனால் தகடு தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஐந்தாறு நொடி நீளும் வளைவில் பெட்ரோல் துளைகள் வழியே மெல்ல மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். பம்பைச் சுற்றி ஒரு பெட்டி அமைத்து, உள்ளே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவுகளை அதில் வைப்பது இதைவிடச் சிறந்தது. பந்தய டாங்குகளுக்கான துளைப் பஞ்சும் அலைவைக் குறைக்கும், இடத்தையும் அதிகம் பிடிக்காது. அது ஆண்டுகள் போகப்போக உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால் ஒவ்வோராண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். மெத்தைப் பஞ்சை வெட்டிப் போடுவது பேராபத்து. பெட்ரோலில் அது பிய்ந்து பம்புக்குள் போய்விடும். டாங்கில் வெல்டிங் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: காலியான டாங்குதான் வெடிக்கும். இதற்கென்றே பழகியவரிடம் கொடுங்கள்.

நீண்ட வளைவுகள் உள்ள தடத்தில் தொடர்ந்து ஓடுபவருக்கு முழுமையான தீர்வு சர்ஜ் டாங்க் என்னும் சிறு இடைத் தொட்டியே. ஒரு லிட்டர் அல்லது ஒன்றரை லிட்டர் கொள்ளும், உயரமாகவும் ஒடுக்கமாகவும் உள்ள உருளை அது. டாங்கிலிருந்து முதல் பம்ப் அதை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும். அதன் அடியிலிருந்து உயர் அழுத்த பம்ப் எடுத்து ரெயிலுக்கு அனுப்பும். மிஞ்சியதும் காற்றும் உச்சியில் உள்ள வழியாக டாங்குக்குத் திரும்பும். முதல் பம்ப் சில நொடி காற்றை இழுத்தாலும் அந்தக் காற்று மேலேறிப் போய்விடும். அடியில் பெட்ரோல் மட்டுமே நிற்கும்.

இதில் பலரும் பிழை செய்யும் இடம் திரும்பு குழாய், அதாவது ரெயில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் மிஞ்சிய பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் குழாய். 100 குதிரைசக்தி எஞ்சின் முழு இழுவையில் மணிக்குச் சுமார் 30 லிட்டர், அதாவது நொடிக்கு எட்டு மில்லிக்குச் சற்று அதிகமாகக் குடிக்கும். திரும்பு குழாய் சர்ஜ் டாங்கிலேயே வந்து சேர்ந்தால் அதிலிருந்து குறைவது அந்த எட்டு மில்லி மட்டுமே. ஒரு லிட்டர் ஏறக்குறைய இரண்டு நிமிடம் தாங்கும். அதே குழாயைப் பெரிய டாங்குக்குக் கொண்டுபோய்விட்டால், மணிக்கு 180 லிட்டர் தள்ளும் பம்ப் நொடிக்கு 50 மில்லி வீதம் எடுத்து 20 நொடியில் சர்ஜ் டாங்கைக் காலி செய்துவிடும். அளவில் ஒரே தொட்டி, பொருத்துவதில் ஆறு மடங்கு வேறுபாடு. திரும்பு குழாய் இல்லாத புதிய கார்களில் டாங்கில் உள்ள பம்பையே முதல் பம்பாக வைத்துக்கொண்டு, ரெயிலுக்கு அருகே தனி ரெகுலேட்டர் வைத்துத் திரும்பு குழாய் இழுக்க வேண்டியிருக்கும். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைவு என்பதால், மேலே சொன்ன கணக்குடன் அந்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உயர் அழுத்த பம்ப் தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் அல்ல. அதைச் சர்ஜ் டாங்கின் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். அதற்கு முன் 100 மைக்ரான் ஃபில்டர், பின் 10 மைக்ரான் ஃபில்டர். இரண்டு பம்புகளுக்கும் தனித்தனி ரிலேயும் ஃபியூஸும் வேண்டும். மோதினால் இரண்டையும் நிறுத்தும் சுவிட்சும் கட்டாயம். சர்ஜ் டாங்க் ஓட்டுநர் அறைக்கு வெளியே, சைலன்சர் குழாயின் சூட்டுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அறைக்குள் வைத்தே தீர வேண்டுமென்றால் ஆவி கசியாத உலோகப் பெட்டிக்குள்தான். டாங்குக்குள் மூழ்கி இருக்கும் ஹோஸுக்கு மூழ்குவதற்கென்றே செய்த ரகம் உண்டு. சாதாரண பெட்ரோல் ஹோஸ் வெளியிலிருந்து ஊறி உப்பி, உள்ளுக்குள்ளேயே கழன்றுவிடும். கிளாம்புகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். கடல் காற்றில் மற்றவை ஓர் ஆண்டிலேயே துருப்பிடிக்கின்றன.

இராமநாதபுரத்திலிருந்து தடத்துக்கு வண்டியை ஏற்றிச் செல்பவர்கள் ஆண்டில் நான்கைந்து முறைதான் போவார்கள்; மீதி நாட்களில் கார் நின்றுகொண்டே இருக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில், பம்பின் வாய் இருக்கும் அதே இடத்தில், தங்கும். நிறுத்தும்போது டாங்கை விளிம்புவரை நிரப்புங்கள், அல்லது முழுதாக வடித்துவிடுங்கள். அரைகுறையாக விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் சோதிக்கத் தனுஷ்கோடி சாலைக்குப் போக வேண்டாம். அது நேர்ச்சாலை, தேவையான பக்கவாட்டு விசை அங்கே வராது. வருகிறவர்கள் குழந்தைகளோடு நடக்கும் சாலையும் அது. பட்டறையிலேயே எஞ்சினை ஓடவிட்டு, முதல் பம்பின் ஃபியூஸை எடுத்து, ரெயில் அழுத்தம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஐடிலில் எஞ்சின் மிகக் குறைவாகவே குடிப்பதால் ஒரு லிட்டர் பல நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் விழுந்தால் திரும்பு குழாய் தவறான இடத்தில் இருக்கிறது. விழத் தொடங்கியவுடன் எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிறகு தடத்தில் முதல் ஓட்டத்தைப் பாதி டாங்குடன் தொடங்கி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் பதிவைப் பார்த்து, கசிவு உள்ளதா என்று ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஐந்து ஐந்து லிட்டராகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அழுத்தக் கோட்டில் முதல் பள்ளம் தெரியும் அளவைக் குறித்து, அதற்கு மேல் ஐந்து லிட்டர் சேர்த்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.