கனம் பார்த்து கிராஷ் வாங்காதே, தம்பி

போன வாரம் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் தீபாவளி மேடைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த காசில் புதிதாக ஒரு கிராஷ் சிம்பல், அதாவது பாட்டில் அழுத்தம் வேண்டிய இடத்தில் அடிக்கிற உலோகத் தட்டு, வாங்கியிருந்தான். "தூக்கிப் பாருங்கண்ணே, என்ன கனம்!" என்று ஆசையாக நீட்டினான். கையில் வாங்கியதுமே எனக்குப் பகீரென்றது. இருபது வருடத்துக்கு முன் நானும் ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் இதே மாதிரி ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சிம்பலைக் கீழே போடாதே, மழையில் விடாதே என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. சிம்பல் வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் நாம் செய்கிற மற்ற தவறுகளைப் பேசுவோம்.

கனமாக இருந்தால் நல்லது என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கடைக்காரர் ஒரே ஒரு அடி அடித்துக் காட்டினார், கடையே அதிர்ந்தது. "தடிப்பு தம்பி, உடையவே உடையாது" என்றார். 18 அங்குலம். இரண்டு மாத ஓவர்டைம் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் நிகழ்ச்சி ஒரு கல்யாண விருந்து, தகரக் கூரை போட்ட மண்டபம். பாடகர் எனக்கு இரண்டு கை தூரத்தில் நிற்கிறார். நான் கிராஷ் அடிக்கும்போதெல்லாம் அது அவருடைய மைக்கில் புகுந்து, அடுத்த வரியின் முதல் இரண்டு சொற்களை விழுங்கிவிட்டது. சவுண்ட் சிஸ்டம் பார்த்த அண்ணன் மைக்கைக் குறைத்தால் பாட்டும் சேர்ந்து குறைகிறது. இடைவேளையில் பாடகர் வந்து, "அதை அடிக்காம வாசிக்க முடியாதாப்பா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் ஸ்டூடியோ. அங்கே டிரம்ஸுக்கு மேலே தொங்கும் இரண்டு மைக்குகள் முழு செட்டையும் சேர்த்தே கேட்கும். பதிவு செய்தவர் ஹெட்போனை என் காதில் மாட்டினார். பல்லவி தொடங்கும்போது அடித்த கிராஷ், இரண்டாவது வரி வந்த பிறகும் "கீங்ங்" என்று இழுத்துக்கொண்டே இருந்தது. அந்த மைக்குகளைக் குறைத்தால் ஸ்னேர் டிரம்மும் ஹைஹாட் என்கிற ஜோடித் தட்டும் செத்துப்போகும், கிராஷை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வழியில்லை. கடைசியில் அங்கே மூலையில் கிடந்த 16 அங்குல மெல்லிய கிராஷில்தான் அந்தப் பாட்டை முடித்தோம். அது "ஷாஆ" என்று விரிந்தது, வேலை முடிந்ததும் அடங்கியது.

ஏன் என்பதற்குக் கோயில் பஜனையில் தட்டுகிற ஜால்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னது, தடித்தது, அதனால்தான் மணி மாதிரி கணீரென்று நீண்டு ஒலிக்கிறது. தடித்த சிம்பலும் அந்தப் பக்கம்தான் சாயும்: சுருதி ஏறும், ஒலி நீளும், முழுசாக விரிய பலமான அடி கேட்கும். மெல்லியது லேசாகத் தொட்டாலே விரிந்து சீக்கிரம் அடங்கும். என்னுடையது மெதுவாக அடித்தால் வாயே திறக்காது. அதனால் ஓங்கி ஓங்கி அடித்தேன். தடித்த தகடு வளைந்து கொடுக்காது, அடி முழுவதையும் விளிம்பு வாங்குகிறது. ஒரு வருடத்துக்குள் இரண்டு விரல் அகலத்துக்கு விரிசல். உடையவே உடையாத சிம்பல்!

18 அங்குலத்தில் மெல்லியது சுமார் 1300 கிராம் இருக்கும், கனமானது 1700-ஐத் தாண்டும். ஒரே மாடலிலேயே ஒன்றுக்கொன்று எடை மாறும், அதனால் நிறுத்துப் பாருங்கள். பதிவுக்கு மெல்லிய 16 அல்லது 17. மேடைக்கு 18, மெல்லியதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட வகை. திடலில், மைக் வசதி சரியில்லாத இடத்தில், உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் வாசிக்க வேண்டுமா? அளவை 19-க்குக் கூட்டுங்கள், தடிப்பைக் கூட்டாதீர்கள்.

பக்கத்தில் நின்று மட்டும் கேட்பது

நண்பனை அடிக்கச் சொல்லிவிட்டுப் பத்து அடி தள்ளி நில்லுங்கள். கூட்டத்துக்குக் கேட்பது அந்தச் சத்தம்தான். உங்கள் சொந்தக் குச்சியைக் கொண்டு போங்கள், மெதுவாகவும் அடித்துப் பாருங்கள்.

உலோகத்தைக் கேட்காமல் வாங்குவது

ஆரம்ப செட்டோடு வருவது பெரும்பாலும் பித்தளை, அதில் கற்றுக்கொள்ளலாம், பதிவு செய்ய முடியாது. அதற்கு மேல் வெண்கலம். பி20 என்றால் செம்பு 80, வெள்ளீயம் 20. இஸ்தான்புல்லில் 1623-இல் தொடங்கிய ஸில்ஜியான் நிறுவனத்தின் உயர்ந்த வரிசைகள் இந்தக் கலவைதான். பி8 என்றால் 92-க்கு 8. மலிவான சிம்பல்கள் நிறைய இதில் வருவதால் பி8 என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. 1971-இல் வந்த பைஸ்டி நிறுவனத்தின் "2002" என்ற பெயர் கொண்ட வரிசை பி8-தான், அதை மட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுத்தைப் படியுங்கள், ஆனால் காதால் முடிவு செய்யுங்கள்.

16-க்குப் பக்கத்தில் 17

காசு தண்டம். 16 அங்குலம் இருந்தால் அதற்குத் துணையாக 18 வாங்குங்கள், அப்போதுதான் இரண்டு குரல் கேட்கும்.

ஸ்டாண்டின் நட்டை இறுக்குவது

வேண்டாம். சிம்பல் ஆட வேண்டும்.

பழையதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவது

நடு ஓட்டை வட்டமாக இருக்கிறதா பாருங்கள். ஸ்டாண்டில் பிளாஸ்டிக் குழாய் போடாமல் வாசித்திருந்தால் இரும்புக் கம்பி அதைச் சாவித்துவாரம் மாதிரி அறுத்திருக்கும். விளிம்பைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், தடுக்குகிற இடத்தில் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள்.

புளி போட்டுத் துலக்குவது

குத்துவிளக்குக்குச் சரி. என் சிம்பலை அம்மா பாசத்தோடு அப்படித் தேய்த்துத் தந்தார், பளபளத்தது, சத்தமும் முன்னைவிடக் காதைக் கூச வைத்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அந்தப் பையன் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறான், அடித்த தடமும் இன்னும் பெரிதாக விழவில்லை. மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்களாம். சனிக்கிழமை நானும் அவனோடு ஈப்போவுக்குப் போகிறேன், வீட்டில் பலகாரத்துக்கு மாவு நிறுக்கிற சின்னத் தராசையும் எடுத்துக்கொண்டு.