ஒரு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியவர்களுக்கு: ஜீரோ டர்ன் மோவரை ஓட்டுவதும் பராமரிப்பதும்

அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா, கம்மிங், இன்னும் மேலே டாசன்வில் என்று நம் ஆட்கள் வீடு வாங்கிக்கொண்டே போகிறார்கள். தள்ளிப் போகப் போக மனை பெரிதாகிறது, அரை ஏக்கர், ஒரு ஏக்கர், சில இடங்களில் அதற்கும் மேல். குளிர்காலத்தில் வீடு வாங்கியவர்களுக்குப் பழுப்பாகக் கிடக்கும் புல்லைப் பார்த்து ஒன்றும் தோன்றாது. ஏப்ரல் வந்து அது பச்சை பிடித்ததும்தான் விஷயம் புரியும். இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது பெர்முடா புல், அதாவது நம் ஊர் அருகம்புல்லேதான், எவ்வளவு வேகமாகப் படரும் என்று சொல்லவே வேண்டாம். இரண்டு வாரம் விட்டால் குடியிருப்பின் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கமான ஹெச்ஓஏவிலிருந்து கடிதம் வரும். தள்ளிக்கொண்டு போகும் மோவரில், அதாவது புல்வெட்டும் மெஷினில், ஒரு ஏக்கரை வெட்டினால் சனிக்கிழமை போய்விடும் என்று தெரிந்ததும், கடை வாசலில் வரிசையாக நிற்கும் ஜீரோ டர்ன் மீது, அதாவது ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற, நின்ற இடத்திலேயே திரும்புகிற மோவர் மீது கண் போகும்.

வாங்குங்கள், அருமையான மெஷின். ஆனால் பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறோம், இது என்ன பெரிய விஷயம் என்ற தைரியத்தில் மட்டும் ஏறி உட்காராதீர்கள். சமதளத்தில் இவ்வளவு சொன்னபடி கேட்கிற வண்டி வேறு கிடையாது, சரிவில் இவ்வளவு சீக்கிரம் கைவிடுகிற வண்டியும் வேறு கிடையாது. நம் வீடுகளின் பின்பக்கம் பெரும்பாலும் சரிவு என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். கால் ஏக்கர் என்றால் உங்களுக்கு இது தேவையே இல்லை, நல்ல தள்ளுவண்டி மோவர் போதும். அப்புறம் பின்பக்கத்து வேலிக் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். டெக் என்பது பிளேடுகளை மேலிருந்து மூடியிருக்கும் இரும்புக் கூடு. 42 அங்குல டெக் என்றால் பிளேடு வெட்டும் அகலம்தான் 42, பக்கவாட்டில் வெட்டிய புல்லை வெளியே தள்ளும் வாயான சூட்டையும் (chute) சேர்த்தால் மெஷின் அதைவிட அகலம். 36 அங்குலக் கதவு வழியாக அது போகாது என்பதை வீட்டுக்கு வந்து இறக்கிய பிறகு தெரிந்துகொள்வது வீண் செலவு. பழையது வாங்கினால் வருடத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மணி மீட்டரைப் பாருங்கள்.

இப்போது இது எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். பின்னால் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் தனித்தனியாக ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன். வலது லீவர் வலது சக்கரத்தை இயக்கும், இடது லீவர் இடது சக்கரத்தை. இரண்டையும் சமமாக முன்னால் தள்ளினால் நேராகப் போகும், ஒன்றைக் கூடத் தள்ளினால் எதிர்ப்பக்கம் திரும்பும், நடுவுக்குக் கொண்டுவந்தால் நிற்கும், இழுத்தால் பின்னால் வரும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் ஆபீஸ் நாற்காலியின் சக்கரம் மாதிரி, எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் சுற்றும், அவ்வளவுதான். அவற்றுக்குத் திருப்பும் சக்தியும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஸ்டீயரிங் வைத்த சில மாடல்களும் உண்டு, ஆனால் கடையில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலானவை இந்த லீவர் வகைதான். ஆக, திருப்புவது, நிறுத்துவது எல்லாமே பின்சக்கரம் தரையைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான். அந்தப் பிடி போய்விட்டால் நீங்கள் லீவரை என்ன செய்தாலும் வண்டி பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் புல் வெட்டாதீர்கள். பிளேடு சுவிட்சைத் தொடாமல் (பெரும்பாலான மாடல்களில் மேலே இழுக்கிற மஞ்சள் குமிழ்) வெறுமனே ஓட்டிப் பழகுங்கள். வேலி, மரம், கார் எதுவும் பக்கத்தில் இல்லாத சமதளமாக இருக்கட்டும். புதிதாக ஓட்டுபவர் எல்லோருக்கும் நடப்பது இது: லீவரைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுவோம், வண்டி முன்னால் குதிக்கும், உடம்பு பின்னால் சாயும், உடம்போடு கையும் பின்னால் வரும், உடனே வண்டி வெடுக்கென்று நிற்கும், உடம்பு முன்னால் விழும், கை மறுபடியும் லீவரைத் தள்ளிவிடும். நான்கு குதி குதித்தபின் எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாது. முன்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து, நகத்தளவு நகத்தளவாகத் தள்ளினால் இது நின்றுவிடும். குழம்பினால் இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். நேர்கோட்டில் போய், மெதுவாக நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க வந்துவிட்டது என்று உங்களுக்கே தோன்றும் வரை பிளேடு வேண்டாம். நின்ற இடத்திலேயே சுழல்வதுதான் இதன் பெருமை என்றாலும் ஒரு சக்கரம் ஒரே இடத்தில் நின்று அரைத்தால் அங்கே புல் பிய்ந்து வட்டமாகச் செம்மண் தெரியும். வரிசை முடிவில் கொஞ்சம் பின்னால் வந்து முன்னால் போய்த் திருப்புங்கள், இரண்டு சக்கரமும் உருண்டுகொண்டே இருக்கட்டும்.

சரி, சரிவு. உங்கள் மாடலின் கையேட்டில் அதிகபட்சம் எத்தனை டிகிரி என்று எழுதியிருப்பார்கள், பல கம்பெனிகள் 15 டிகிரி என்கின்றன, சில 10 டிகிரியோடு நிறுத்திக்கொள்கின்றன. 15 டிகிரி என்பது கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 10 அடி தூரத்துக்கு 2 அடி 8 அங்குலம் ஏறுகிற சரிவு அது, அதில் நடந்தாலே காலுக்குத் தெரியும். கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். நேரான ஒரு பலகையைச் சரிவில் வைத்து அதன்மேல் போனை வைத்தால் லெவல் ஆப் டிகிரியைக் காட்டிவிடும். இதை நிலம் முழுக்க நாலைந்து இடத்தில் செய்து, எங்கெங்கே மோவர் போகக்கூடாது என்று முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்குக் கையில் பிடித்து வெட்டும் ட்ரிம்மர், இல்லாவிட்டால் ஆள் வைத்து வெட்டுங்கள், அல்லது புல்லை எடுத்துவிட்டுப் பைன் இலைச் சருகைப் பரப்பிவிடுங்கள். இந்த ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான்.

ஜார்ஜியாவின் செம்மண் நனைந்தால் வழுக்கும், மேலே ஈரப் புல்லும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காலையில் பனி காயட்டும், மழை பெய்த மறுநாளும் அவசரப்படாதீர்கள். சரிவில் குறுக்காக ஓட்டுவதா, மேலும் கீழுமாக ஓட்டுவதா என்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. எப்படி ஓட்டினாலும் சரிவில் சட்டென்று வேகம் மாற்றுவதும் சட்டென்று திருப்புவதும் கூடாது. வழுக்க ஆரம்பித்தால் பிளேடை நிறுத்திவிட்டு நேராக, மெதுவாக, கீழ்நோக்கி இறங்கிவிடுங்கள். தடுப்புச் சுவர், ஓடை, குடியிருப்புக்குப் பொதுவாக வெட்டி வைத்திருக்கும் மழைநீர்க் குளம், இவற்றின் விளிம்பிலிருந்து குறைந்தது மெஷினின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளியே நில்லுங்கள். கரை மண் உள்ளுக்குள் கரைந்திருப்பது மேலே இருந்து தெரியாது. வண்டியோடு தண்ணீருக்குள் கவிழ்ந்து அடியில் மாட்டிக்கொள்வதுதான் இதில் உயிரைக் கொண்டுபோகிற விபத்து. உங்கள் மெஷினில் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) இருந்தால் அதைத் தூக்கி நிறுத்திப் பூட்டிவிட்டு, சீட் பெல்ட்டும் போடுங்கள். ஏதாவது காரணத்தால் ரோல் பாரை மடக்க வேண்டியிருந்தால் அப்போது பெல்ட் போடக்கூடாது, அதுவும் விதிதான்.

அடுத்தது குழந்தைகள். ஊரில் பைக் பெட்ரோல் டேங்கில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப்போய் வளர்ந்தவர்கள் நாம். கோடையில் அப்பா, மாமனார் யாராவது ஆறு மாத விசாவில் வந்திருப்பார், பேரனை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றினால் என்ன என்பார். ஆசையில்தான் கேட்பார், அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, முடியாது என்று சொல்லுங்கள். குழந்தை விழுந்தால் விழும் இடம் டெக்குக்கு முன்னால்தான். இன்னொன்று, ஒருமுறை ஏற்றிவிட்டால் அடுத்த முறை சத்தம் கேட்டதும் அந்தக் குழந்தை ஓடிவரும், நீங்கள் ரிவர்ஸில் இருப்பீர்கள், இந்தச் சத்தத்தில் காதில் எதுவும் விழாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பான ஏஏபி, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏறி ஓட்டும் மோவரை ஓட்டக்கூடாது என்றும், 6 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் புல் வெட்டும்போது வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நான் வயது பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பச் சொல்வேன், வீட்டுக்குள் ஒரு பெரியவரும் கூட இருக்கட்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒருமுறை நிலத்தைச் சுற்றி நடந்து கல், மரக்கிளை, கோல்ஃப் பந்து, நாய்ச் சங்கிலி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிளேடு நுனியின் வேகத்துக்கு இங்கே தர விதி வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, மணிக்குக் கிட்டத்தட்ட 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட ஒரு ஜல்லிக் கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. புல் தள்ளும் சூட்டின் மேலிருக்கும் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், சூட்டின் வாய் ரோட்டுப் பக்கமோ வீட்டுப் பக்கமோ பார்த்திருக்கவும் வேண்டாம். லுங்கியும் செருப்பும் வேண்டாம். முழுக்கால் பேண்ட், மூடிய ஷூ, கண்ணாடி, காதுக்கு மஃப். தரைக்குள் கூடு கட்டும் எல்லோ ஜாக்கெட் குளவிகள் இங்கே உண்டு, கூட்டின் மேல் ஓட்டிவிட்டால் துரத்திக் கொட்டும், பேண்ட் அதற்கும் உதவும்.

சீட்டை விட்டு எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும்படி சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மேடுபள்ளத்தில் நின்று நின்று போகிறது என்று அதை ஒயர் போட்டு ஏமாற்றும் யோசனை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். டெக்கில் ஈரப் புல் அடைத்துக்கொண்டால் பிளேடை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றல் முழுதும் நின்றபின் குச்சியால் எடுங்கள். கை எக்காரணம் கொண்டும் உள்ளே போகக்கூடாது.

பெட்ரோல் விஷயத்தில் புதிதாக வந்தவர்கள் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. சில பெட்ரோல் பங்க்குகளில் 88 என்று ஒரு பட்டன் கொஞ்சம் மலிவாக இருக்கும், அதில் எத்தனால் 15 சதவீதம். இந்தச் சின்ன இன்ஜின்களுக்கு 10 சதவீதம்தான் எல்லை, சாதாரண 87 போடுங்கள். கேனைக் காரின் டிக்கியிலோ டிரக்கிலோ வைத்தபடி நிரப்பாதீர்கள், நிலை மின்சாரத்தில் தீப்பிடிக்கும், தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். கேன் சிவப்பு நிறம், மஞ்சள் என்றால் டீசலுக்கு. கராஜுக்குள் கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அங்கே வைத்து நிரப்பவும் கூடாது, கேனை வைக்கவும் கூடாது. இன்ஜின் ஆறியபின், வெளியே, அவ்வளவுதான்.

பராமரிப்பில் ஆயில் சுலபம். ஒவ்வொரு முறையும் அளவு பாருங்கள், புது மெஷினில் முதல் மாற்றம் சில மணி நேரத்திலேயே வரும், அதன்பின் மாடலைப் பொறுத்து 50 அல்லது 100 மணிக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், இன்ஜின் மேல் சேரும் புல்தூசியைத் துடையுங்கள், காற்றில் குளிரும் இன்ஜின் இது. வெட்டும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுக்க வையுங்கள், குறைத்து ஓட்டினால் பிளேடும் சரியாகச் சுற்றாது, இன்ஜினுக்கும் காற்று போதாது. வண்டியின் வேகத்தைக் குறைக்க லீவர் இருக்கிறது.

பிளேடுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். வெட்டிய மறுநாள் புல் நுனி வெளுத்து நார்நாராகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அது வெட்டவில்லை, கிழித்திருக்கிறது. சுமார் 25 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் தீட்டுவது நல்ல கணக்கு. முதலில் சாவியை எடுங்கள், இரண்டு ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் கழற்றுங்கள், தடித்த கையுறை போடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். எந்தப் பக்கம் புல்லைப் பார்த்திருந்தது என்று மார்க்கரில் குறித்துக்கொண்டு கழற்றி, ஏற்கெனவே இருக்கும் சாய்வு எதுவோ அதே சாய்வில் அரத்தால் ஒரே திசையில் இழுங்கள். அரத்தால் நேரம் ஆகும், ஆனால் கிரைண்டரில் அவசரப்பட்டால் விளிம்பு நீலமாகும், அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் சுவரில் ஓர் ஆணி அடித்து, நடு ஓட்டையில் பிளேடை மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேயுங்கள், கிடைமட்டமாக நிற்கும்வரை. எடை ஏறுக்குமாறாக இருந்தால் மெஷின் அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். மாட்டும்போது வளைந்த சிறகு டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும், போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள். விரிசல் இருந்தாலோ வளைந்திருந்தாலோ யோசிக்காமல் புதுசு வாங்குங்கள்.

புல் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி வெட்டுப்பட்டால் டெக்கைக் கழற்ற ஓடாதீர்கள், முதலில் டயர் காற்றைப் பாருங்கள், பாதிக்கு மேல் காரணம் அதுதான். லீவரைச் சமமாகத் தள்ளியும் ஒரு பக்கம் இழுத்தால் அதற்கும் முதல் சோதனை அதுவே. கார் டயர் கேஜ் இந்தக் குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தக் கேஜ் தனியாகக் கிடைக்கும்.

அக்டோபர் கடைசியில் பெர்முடா தூங்கப் போனதும் டெக்கின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, டாங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், அப்போதுதான் அது கார்புரேட்டர் வரை போகும். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருக்கும் பெட்ரோல் கெட்டுப்போகும், வசந்தத்தில் ஸ்டார்ட் ஆகாத மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் நோய். பேட்டரியைச் சிறிய மெயின்டெயினர் சார்ஜரில் போட்டு வையுங்கள். மார்ச்சில் சாவி போடும் முன் இன்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள், குளிருக்கு எலி உள்ளே கூடு கட்டியிருக்கும், ஒயரைக் கடித்தும் வைத்திருக்கும்.