ஆய்வுகூடத்திடம் கூட்ட அறிக்கை கேட்பது எப்படி

மட்டக்களப்பின் படுவான்கரையில் மாடு வளர்ப்பவர்களுக்குப் புரூசெல்லா என்ற கிருமி தெரிந்த பெயர்தான். சினைமாடு மாதம் நிறையாமல் கன்று போட்டுவிடும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்தவருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், மூட்டுவலி. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக அந்தப் பட்டிகளில் அலைந்தவன் நான். இதே கிருமிக் குடும்பத்தை 1950களில் அமெரிக்கா குண்டில் அடைத்தது என்று பிற்பாடு அறிந்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது.

1972இல் கையெழுத்தான உயிரியல் ஆயுத உடன்படிக்கை இதைத் தடைசெய்கிறது. இலங்கையும் அதை ஏற்ற நாடு. ஆனால் இரசாயன ஆயுதத்துக்கு இருப்பதுபோல, உள்ளே போய்ப் பார்க்கும் பரிசோதகர்கள் கிருமிக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் சன்ஷைன் புரொஜெக்ட் என்ற சின்ன அமைப்பு வேலை செய்தது. அதன் அமெரிக்க அலுவலகத்தை நடத்திய எட்வர்ட் ஹமண்ட், பல்கலைக்கழகங்களின் உயிர்ப்பாதுகாப்புக் குழுக்களிடம், அதாவது கிருமி ஆய்வு பாதுகாப்பாக நடக்கிறதா என்று அங்கேயே கண்காணிக்கும் குழுக்களிடம், கூட்ட அறிக்கைகளைக் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 2006இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஓர் ஊழியருக்குப் புரூசெல்லா தொற்றியது. கிருமியைக் காற்றில் தூவிச் சோதிக்கும் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது பிடித்தது. பல்கலைக்கழகம் அதை உரிய இடத்துக்கு அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் ஹமண்டின் கடிதங்கள்தான் அதை வெளியே கொண்டுவந்தன. அங்கே ஆபத்தான கிருமி ஆய்வுகள் நிறுத்தப்பட்டன, 2008இல் 10 இலட்சம் டொலர் தண்டமும் கட்டினார்கள்.

சரி, நாம் எழுதுவது எப்படி? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், வைத்தியசாலை, கால்நடை ஆய்வுகூடம் எதுவானாலும் அங்குள்ள தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

எல்லாமே கேள்வியை எழுதும் விதத்தில் இருக்கிறது. “பாதுகாப்பாக நடத்துகிறீர்களா?” என்று கேட்டால் “ஆம்” என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். காகிதத்தைக் கேளுங்கள்: “கடந்த மூன்று வருடங்களில் உங்கள் உயிர்ப்பாதுகாப்புக் குழு கூடிய திகதிகள், கூட்ட அறிக்கைகளின் பிரதிகள், விபத்துப் பதிவேட்டின் பிரதி, உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி (கிருமி வெளியே பரவாமல் வைத்துக் கையாளும் பெட்டி) கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட சான்றிதழ்.” குழுவே இல்லை, அல்லது குழு கூடியதே இல்லை என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். ஹமண்டுக்கும் அப்படிப்பட்ட பதில்கள் வந்தன, அவற்றையே அவர் ஊருக்குக் காட்டினார்.

கிருமி வளர்க்கும் முறை, களஞ்சியத்தின் பூட்டு, சாவி விவரம் எதையும் கேட்கக் கூடாது. நமக்கு அது வேண்டாம், கெட்டவன் கையில் அகப்படவும் கூடாது.

கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் கோவையில் போடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், அங்கும் கைவிரித்தால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. “தேசிய பாதுகாப்பு” என்று காரணம் சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மறைக்க வேண்டிய வரியை மறைத்து மிச்சத்தைத் தரும்படியும் கேட்கலாம்.

காகிதம் வந்ததும் வாட்ஸ்அப்பில் போட அவசரப்படாதீர்கள். நுண்ணுயிரியல் படித்த ஒருவரிடம் காட்டி, அது என்ன சொல்கிறதென்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நிறுவனத்தின் விளக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். நோய்வாய்ப்பட்ட ஊழியரின் பெயர் எங்காவது இருந்தால், வெளியே விடுமுன் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள்.