மூலை இலச்சினையை வைத்துப் பழைய கசெற்றின் காலத்தைக் கணிப்பது எப்படி

வன்னி வீடுகளில் ட்ரங்குப் பெட்டிக்குள்ளும் அலுமாரிக்கு மேலும் இன்னும் கிடக்கும் வீ.எச்.எஸ். கசெற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குத் திகதி இல்லை. "செய்தி", "மச்", "படம் 2" என்று பேனையால் எழுதியிருக்கும். பல இடப்பெயர்வுகளைக் கண்ட கசெற்றென்றால் அந்த எழுத்தும் அழிந்திருக்கும். உள்ளே இருப்பது எந்த ஆண்டுப் பதிவு என்று சொல்லும் சாட்சி திரையின் மூலையில் இருக்கிறது, அதுதான் நிலையத்தின் இலச்சினை. பெயர் மாறும்போதும் உரிமையாளர் மாறும்போதும் தொழில்நுட்பம் மாறும்போதும் அதுவும் மாறும். ஒரு நிலையத்தின் இலச்சினைகளை வரிசையாக அடுக்கிவிட்டால், அந்த நிலையத்திலிருந்து பதிவான எந்தக் கசெற்றுக்கும் கால எல்லை போடலாம்.

முதலில் கசெற்றைக் காப்பாற்ற வேண்டும்

கசெற்றின் முதுகுப் பக்கத்து மூலையில் சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு ஒன்று இருக்கும். டெக்கில் போடுவதற்கு முன் அதை உடைத்து எடுத்துவிடுங்கள். அது இருந்தால், கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தியதுமே பழைய படம் அழிந்துபோகும்.

கண்ணாடி யன்னலால் நாடாச் சுருளைப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளையாகத் தூள் போலவோ சிலந்தி வலை போலவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தக் கசெற்றை ஓட்டக் கூடாது. ஓட்டினால் பூஞ்சணம் டெக்கின் தலையில், அதாவது நாடாவை வாசிக்கும் உறுப்பில், ஒட்டி, அடுத்து போடும் நல்ல கசெற்றுக்கும் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, கோதின் ஐந்து திருகாணிகளையும் கழற்றுங்கள். நாடாவின் விளிம்பை 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட, நூல் விடாத துணியால் மெதுவாகத் துடைத்து, இரண்டு சுருள்களையும் வேறொரு சுத்தமான கோதுக்குள் மாற்றுங்கள். நாடா எந்த உருளைக்கு உள்ளால், எந்த உருளைக்கு வெளியால் போகிறது என்பதைக் கழற்றுமுன் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் புதைத்து வைத்தவை, வெள்ளத்தில் நனைந்தவை என்றால் கிணற்றுத் தண்ணீரால் கழுவவே கூடாது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கல்லுத் தண்ணீர். காய்ந்ததும் உப்புப் படிவு நாடாவிலேயே தங்கி, தலையைத் தேய்க்கும். கடையில் பற்றரிக்கு விற்கும் வடிநீர் போதும். போத்தலில் இருப்பது அசிட் அல்ல, வடிநீர்தான் என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் காயவிடாமல் நிழலில், காற்றோட்டத்தில் விடுங்கள். சூடு பட்டால் நாடா நெளியும், நெளிந்த நாடா நேராக ஓடாது.

பல வருடம் அசையாமல் கிடந்த கசெற்றைப் பார்க்குமுன் கடைசிவரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றி எடுங்கள். சுருளின் இறுக்கம் ஒரே சீராக வந்தால் படத்தின் ஆட்டம் குறையும். டெக்கின் தலையைச் சுத்தம் செய்யப் பஞ்சுக்குச்சி பாவிக்காதீர்கள். பஞ்சின் நூல் தலையின் நுனியில் கொழுவி அதை உடைத்துவிடும். அற்ககோல் தொட்ட மான்தோலையோ வெள்ளைக் கடதாசியையோ தலை பொருந்திய உருளையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்க்க வேண்டாம்.

கணினிக்கு எடுப்பது

கசெற்றுக் காலத்து இலங்கை, இந்திய நிலையங்கள் எல்லாம் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. செக்கனுக்கு 25 பிரேம், அதாவது ஒன்றுவிட்ட வரிகளாக வரும் 50 அரைப் படங்கள். ஆகவே 720 × 576 அளவில், அரைப் படங்களைக் கலக்காமல் எடுக்க வேண்டும். டீ.வீ. (DV) என்ற கோப்பு வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைற் போகும். தரம் குறையாத வடிவத்தில் அதன் இரு மடங்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக எம்பெக் 4க்கு அமுக்கி எடுத்தால் இலச்சினையின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும். பிறகு அதைத் திருத்த வழி இல்லை.

டெக்கில் கூர்மை கூட்டும் வசதி இருந்தால் அதை ஆகக் குறைத்துவிடுங்கள். கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு ஒன்று வரும். அதை இலச்சினையின் உண்மையான ஓரக்கோடு என்று நம்பி வரைந்துவிடுவார்கள்.

இலச்சினையைப் பிரித்தெடுப்பது

வீ.எச்.எஸ்.ஸில் ஒரு பிரேமை நிறுத்தி வெட்டி எடுத்த இலச்சினை இரைச்சலும் வண்ணக் கசிவுமாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பின்னால் ஓடும் படம் மாறிக்கொண்டே இருக்கிறது, இலச்சினை மட்டும் அசையாமல் நிற்கிறது. எனவே பல பிரேம்களைச் சராசரி எடுத்தால் ஓடும் படம் சாம்பலாகக் கரைந்து இலச்சினை தனியாக மேலே வரும். 100 பிரேம் எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும், 400 எடுத்தால் இருபதில் ஒன்றாகும். அதற்கு மேல் போய்ப் பெரிய பலன் இல்லை.

அடுத்தடுத்த பிரேம்களை எடுக்காதீர்கள். அவற்றில் பின்னணி ஒன்றேதான். இரண்டு செக்கனுக்கு ஒன்று வீதம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு எடுங்கள், 300 முதல் 450 வரை வரும். செய்தி வாசிப்பு இதற்கு உதவாது, வாசிப்பவரும் மேசையும் அசையாததால் அவர்களும் இலச்சினையோடு சேர்ந்து தெளிவாக வந்துவிடுவார்கள். படமும் பாட்டும் நல்லது. எஃப்எஃப்எம்பெக் பிரேம்களைப் பிரித்துத் தரும், இமேஜ்மஜிக் சராசரி எடுக்கும், இரண்டும் இலவசக் கணினி மென்பொருள்கள். இலச்சினை ஒளிபுகாததாக இருந்தால் சராசரியை விட இடைநிலை மதிப்பு நல்லது. விளம்பரம் போன்ற, இலச்சினை இல்லாத பிரேம் சில தவறி நுழைந்தாலும் அது கெடாது.

இங்கே பலர் விடும் பிழை, வரிவரியாகத் தெரிகிறதே என்று முதலில் அரைப் படங்களைக் கலந்து மென்மையாக்குவது. அசையாத இலச்சினையில் இரண்டு அரைப் படங்களும் அச்சொட்டாகப் பொருந்தும். கலக்கினால் குத்தாகப் பாதி விவரம் போய்விடும். அப்படியே விடுங்கள். ஓரம் பக்கவாட்டில் மங்கினால் அது வேறு நோய். நாடாவின் ஆட்டத்தால் வரிகள் இடம் வலமாக அசைகின்றன. டைம் பேஸ் திருத்தி உள்ள டெக் அதைச் சரிசெய்யும். அது இல்லாவிட்டால் அதிகம் ஆடும் பிரேம்களைக் கையால் கழித்துவிட்டு மீதியைச் சராசரி எடுங்கள்.

பாதி தெரியும் கண்ணாடி இலச்சினைக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இலச்சினை இரவுக் காட்சியின் கறுப்பின் மேல் நிற்கும் பிரேம்களைத் தனியாகவும், வானம், வெள்ளைச் சேலை போன்ற வெள்ளையின் மேல் நிற்பவற்றைத் தனியாகவும் சராசரி எடுங்கள். வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235, இடைவெளி 219. இலச்சினையின் ஒரு புள்ளி கறுப்பின் மேல் 82 ஆகவும் வெள்ளையின் மேல் 191 ஆகவும் இருந்தால் வித்தியாசம் 109. அதை 219ஆல் பிரித்தால் ஏறத்தாழ 0.5. அதாவது பின்னணியில் பாதி உள்ளே தெரிகிறது, இலச்சினையின் அடர்த்தி மற்றப் பாதி. 82இல் கறுப்பின் பங்கான 8ஐ (16இன் பாதி) கழித்தால் 74, அதை 0.5ஆல் பிரித்தால் 148. இலச்சினையின் சொந்த ஒளி அளவு அதுதான். இந்த இரண்டு எண்ணும் கிடைத்தால் நிலையத்தில் வரைந்த வடிவத்துக்கு மிகக் கிட்டப் போகலாம்.

சிவப்பு, நீல இலச்சினைகளில் நிறம் எழுத்தை விட்டு விலகி நிற்கும். வீ.எச்.எஸ். நிறத்தை மிகக் குறைந்த நுணுக்கத்திலேயே பதியும். கொப்பிக்கு மேல் கொப்பி அடிக்க நிறம் கீழ்நோக்கியும் இறங்கும். நன்றாக இறங்கியிருந்தால் அது வீட்டில் பதிந்ததல்ல, வீடியோக் கடையில் கை மாறிய கொப்பி. அப்படிப்பட்ட கசெற் எங்கே பதிவானது என்று முடிவு கட்ட வேண்டாம்.

காலத்தைப் பொருத்துவது

ஒவ்வொரு இலச்சினைக்கும் இரண்டு எல்லை எழுதுங்கள், "இதற்கு முந்தியதல்ல", "இதற்குப் பிந்தியதல்ல". நிலையம் தொடங்கிய நாள் முதல் எல்லையைத் தரும். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15, சன் ரிவி 1993 ஏப்ரல் 14, சக்தி ரிவி 1998, வசந்தம் 2009. சென்னைத் தூரதர்ஷனின் தமிழ் அலைவரிசை 2000 இல் பொதிகை ஆனது, 2024 ஜனவரியில் டீடீ தமிழ் ஆனது. கிளிநொச்சியிலிருந்து இயங்கிய தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியின் பதிவு என்றால் 2005க்கு முந்தியிருக்க முடியாது.

எல்லையை நெருக்க, திகதி தெரிந்த நேரடி ஒளிபரப்பைத் தேடுங்கள். கிரிக்கெட் மச்சுக்கு இணை இல்லை. எண்பலகையில் ஓட்டமும் விக்கெட்டும் தெரிந்தால் எந்த நாள் ஆட்டம் என்று பிடித்துவிடலாம். 1996 மார்ச் 17 லாகூர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் நேரடிப் பதிவில் மூலையில் நிற்கும் இலச்சினை அன்று பாவனையில் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிச் செய்திகளும் அப்படியே. முன்கூட்டிப் பதிந்த நாடகத்தையும் விளம்பரத்தையும் இதற்கு நம்ப வேண்டாம். இலச்சினை மாறிய பிறகும் பழைய முன்னோட்டம் சில நாள் ஓடலாம்.

திரையில் மணி தெரிந்தால் வன்னிக்காரருக்கு மட்டும் புரியும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்தப் பத்து வருடமும் பழைய நேரமே நடந்தது. ஆகவே லேபலில் "7 மணி" என்றும் திரையில் 7.30 என்றும் இருந்தால் அது பிழையல்ல. இலங்கை நிலையம் ஒன்றை 1996 ஒக்டோபருக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பழைய நேரத்தில் வாழ்ந்த ஒருவர் பதிந்ததற்கான நல்ல தடயம்.

இரைச்சலும் பேசும். மணல் தூவியது போன்ற பொரிவும் நிழல் படமும் அன்ரனாவில் பிடித்தது. வெள்ளைப் பொறிகள் தெறித்தால் பழைய அனலொக் சற்றலைற், படம் கட்டம் கட்டமாக உறைந்தால் டிஜிற்றல் சற்றலைற். வன்னியில் கொக்காவிலில் இருந்த ரூபவாஹினி மறு ஒளிபரப்பு நிலையம் 1990 இல் இல்லாமல் போய், 2011 இல்தான் அங்கே 174 மீற்றர் கோபுரம் எழுந்தது. இடைப்பட்ட காலத்து உள்ளூர்ப் பதிவில் ரூபவாஹினி பளிச்சென்று தெரிந்தால், அந்தக் கசெற் வேறு ஊரிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். மன்னார்ப் பக்கத்துக் கசெற்றில் தூரதர்ஷன் நன்றாகத் தெரிவது இயல்பு, கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் கோபுரம் நிற்கிறது.

ஒரே கசெற்றில் பல காலம் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். கசெற் விலை கூடியதால் மேலால் மேலால் பதிந்தார்கள். புதிய பதிவு முடியும் இடத்தில் சில செக்கன் படம் குழம்பி, அடியில் இருந்த பழைய நிகழ்ச்சி தலைகாட்டும். பெரும்பாலும் அங்கேதான் மிகப் பழைய இலச்சினை அகப்படும். ஆகவே படம் முடிந்ததும் நிறுத்தாமல், வெறும் இரைச்சல் வந்தாலும் கடைசிவரை ஓடவிடுங்கள்.

மூலை இலச்சினை இரண்டாக, அல்லது மங்கிய சதுரமாக இருந்தால், ஒரு நிலையம் இன்னொன்றின் நிகழ்ச்சியை வாங்கிப் போட்டிருக்கிறது. மேலே தெளிவாக இருப்பதுதான் ஒளிபரப்பியவருடையது.

குறிப்பெழுதும்போது எந்த மூலை, ஓரத்திலிருந்து திரை அகலத்தில் எத்தனை வீதம், எழுத்து தமிழா சிங்களமா ஆங்கிலமா, அடர்த்தி எவ்வளவு, விளம்பரத்தில் மறைகிறதா என்பவற்றைப் பதியுங்கள். அளவைப் புள்ளிக் கணக்கில் எழுத வேண்டாம். 720 × 576 படம் 4:3 திரைக்கு 768 × 576 ஆக விரிய வேண்டும். விரிக்காமல் அளந்தால் வட்டம் முட்டையாகும், வேறொருவர் எடுத்த அதே இலச்சினையோடு பொருந்தாது. சரிபார்த்த பிறகும் கசெற்றை எறியாதீர்கள். முழுதாகச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி, தகரக் கூரைக்கு நேர் கீழே இல்லாத இடத்தில் வையுங்கள்.