சைகை வீடியோவில் கடைசி நொடியை வெட்டாதீர்கள்

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் சைகை மொழியில் பேசிச் சின்ன வீடியோ அனுப்பினார். ‘நாளை’, ‘கூட்டம்’ என்று இரண்டே சைகை. அதற்குள் அவர் கை பட்டனை அமுக்க வந்துவிட்டது. கிளம்பிப் போனால் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. அவர் சொன்னது ‘நாளை கூட்டம் இல்லை’. அந்த ‘இல்லை’ வீடியோவுக்குள் வரவே இல்லை.

இந்திய சைகை மொழியில் ‘இல்லை’யும், ‘எங்கே’, ‘ஏன்’ மாதிரியான கேள்விச் சைகைகளும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். கடைசி நொடி போனால் பொருளே தலைகீழாகிவிடும். அதனால் பேசி முடித்ததும் கையைக் கீழே இறக்குங்கள், ஒரு நொடி சும்மா இருங்கள், அப்புறம் நிறுத்துங்கள். எடிட் செய்து தரும் காது கேட்கும் நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த ஓரம் வீண் இடம்தான்.

அடுத்த தவறு, ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையால் பேசுவது. பெயர்களை விரலால் எழுத்து எழுத்தாகக் காட்டும்போது, அமெரிக்கர்கள் ஒரு கையிலேயே எழுத்துக்கூட்டிவிடுவார்கள். நம் விரல் எழுத்துகளுக்கு இரண்டு கையும் வேண்டும். போனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்தாலே போதும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே இடுப்பு வரை, இரண்டு முழங்கைகளும் உள்ளே. முகத்தையும் விடாதீர்கள், பாதிக் கேள்வி புருவத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் காதுகேளாதோர் சங்கம் 1913-ல் தன் முன்னாள் தலைவர் ஜார்ஜ் வெடிட்ஸை சைகையில் பேசவைத்து எடுத்த படம் இணையத்தில் கிடைக்கிறது. கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது, அவர் பேசுகிறார், அவ்வளவுதான். நூறு வருடம் கழித்தும் கை தெளிவாகத் தெரிகிறது.

வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். இருட்டில் போன் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் எடுக்கும், ஓடும் விரல்கள் கலங்கிவிடும். கட்டம் போட்ட சட்டையும் வேண்டாம். அனுப்பும்போது வாட்ஸப்பில் எச்டி-யைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

செல்ஃபி கேமராவில் வழி சொல்கிறீர்களா? சில போன்களில் படம் கண்ணாடி மாதிரி இடவலம் மாறிச் சேமிக்கப்படும். நீங்கள் காட்டிய இடது பக்கம் பார்ப்பவருக்கு வலது பக்கமாகிவிடும். செட்டிங்கில் அதை அணைத்து வையுங்கள்.

யூடியூபின் தானியங்கி வசனம் சத்தத்தைக் கேட்டு எழுதுவது. நம் சைகைக்கு ஒரு வரியும் வராது, பக்கத்து அறையில் ஓடும் டிவி சீரியலை எழுதினாலும் எழுதும்! வீட்டில் நடக்கும் சண்டைகூட அதில் பதிவாகியிருக்கலாம், காது கேளாத நமக்குத் தெரியாது. ஊருக்கே போடும் முன் காது கேட்கும் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தத்தையே நீக்கிவிடுங்கள். வசனத்தை நீங்களே சேர்த்தால் கையை மறைக்காத இடத்தில் சேருங்கள்.

மேடை நிகழ்ச்சியைப் பதிவேற்றுபவர்கள் சைகை மொழிபெயர்ப்பாளரை மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். பொதுவாக அவர் திரையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கான வழிகாட்டுதல் ஒன்று சொன்னது. போனில் பார்ப்பவர்களுக்கு அதுவே போதாது என்பேன்.

இன்னொன்று, ஃபார்வர்டு. எழுத்தில் பெயரை மறைக்கலாம். சைகையில் பேசினால் முகம் கூடவே போகும். குழுவுக்குள் ஒருவர் சொன்ன குடும்பக் கஷ்டத்தை வெளியே தள்ளிவிட்டால் யார் சொன்னது என்று கேட்கவே வேண்டாம், ஊர் முழுக்கத் தெரிந்த முகம். அவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

அந்த மண்டப நண்பரின் வீடியோவை உதாரணத்துக்குக் காட்டலாமா என்று அவரிடமே கேட்டேன். பதில் வந்தது. ‘வீடியோ’, ‘காட்டு’ என்ற இரண்டு சைகை, உடனே பட்டனை நோக்கி வரும் கை. காட்டச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? இன்னும் புரியவில்லை. அதனால் காட்டவில்லை.